மறுகரைக்கு ஓர் ஓட்டு

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால், காஞ்சிபுரத்தில் எங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம் காலியாகக் கிடைத்தது. பட்டு முதலாளிகளுக்குக் கூலிக்கு நெய்துவந்த எங்கள் தெருவினர், தாங்களே உரிமையாளர்களாக ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்க அங்கே கூடியிருந்தார்கள். யார் உறுப்பினர் என்பதை அன்று முடிவு செய்தாக வேண்டும்.

'ஒரு தறிக்கு ஓர் உறுப்பினர்' என்றார்கள். தறி எப்போதும் ஆணின் பெயரில்தான் இருக்கும். ஆனால் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக அமையும் கோர்வைச் சேலையைத் தனியொருவர் நெய்ய முடியாது. தரையில் வெட்டிய தறிக்குழியில் கால்விட்டு நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, மறுகரைக்கான ஊடைநூல் சுற்றிய நாடாவை விடாமல் தள்ளித் தர வேண்டும். பட்டப்படிப்பு முடித்துத் திருமணமாகி வந்த எனக்கு, எங்கள் வீட்டுத் தறியில் அந்த இடம்.

சேலைக்கு இருவர் உழைக்கும்போது ஓட்டு மட்டும் ஏன் ஒருவருக்கு என்று எழுந்து கேட்டேன்.

"அப்புறம் வூட்ல இட்லியா தோசையான்னு கேக்கறதுக்கும் கூட்டம் போடணும்பா!" என்றார் பின்னால் ஒருவர். கூடமே சிரித்தது.

"எங்க வூட்ல ஏற்கெனவே அப்படித்தான்பா. நான்தான் தோத்துக்கினே இருக்கேன்" என்றார் என் கணவர். இன்னும் பெரிய சிரிப்பு. அதன்பின் பேச்சு சற்று இளகியது.

நெடுநேர விவாதத்துக்குப் பின், தலைமை வகித்தவர் ஒரு சமரசம் சொன்னார். மனைவிமார்களையும் சேர்த்துக்கொள்ளலாம், வெளியிலிருந்து கூலிக்கு வருபவர்கள் வேண்டாம்.

பக்கத்து ஊரான ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, எங்கள் எதிர்வீட்டுத் தறியில் மறுகரைக்கு உட்காரும் பெண் சுவரோரம் நின்றிருந்தார். கணவரை இழந்தவர். என் அழைப்பின்பேரில்தான் கூட்டத்துக்கு வந்திருந்தார்.

"உனுக்குக் கிடைச்சிடுச்சு இல்ல, உக்காரும்மா" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு தறிக்காரரின் மனைவி என் புடவையைப் பிடித்து இழுத்தார்.

நான் உட்காரவில்லை, ஆனால் யோசித்தேன். இழுபறி நீடித்தால் சிலர் முதலாளிகளிடமே திரும்பிவிடுவார்கள். சங்கமே அமையாவிட்டால் ஒருவருக்கும் பயனில்லை. ஐயம்பேட்டைப் பெண்ணுக்காக அடுத்த ஆண்டு கேட்டுக்கொள்ளலாம். எல்லாம் நியாயமான காரணங்கள்தாம். ஆனால் கூலியாட்களை வெளியே நிறுத்திவிட்டு நாங்கள் மட்டும் உரிமையாளர்களானால், ஒரு முதலாளிக்குப் பதில் பல முதலாளிகள் உருவாவோம், அவ்வளவுதான். உள்ளே இடம் கிடைத்தவர்கள் பிறகு கதவைத் திறந்துவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

"அவங்களுக்கு இல்லன்னா எனக்கும் வேணாம்" என்றேன்.

எதிர்வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "தறி என்னுது, தறிக்குழி என்னுது. இவங்க எனக்குச் சமமா வந்து உக்காருவாங்களா?" என்றவர், அந்தப் பெண்ணிடம் திரும்பி, "உனுக்கு என்னம்மா கொறை? கூலி வேணும்னா ஏத்தித் தரேன்" என்றார்.

"தெனமும் உங்க பக்கத்துல சமமாத்தானே அண்ணா உக்காந்துக்கினு இருக்கேன்?" என்றார் அவர். "கூலி நீங்க குடுக்கறது. ஓட்டு அப்படி இல்ல. எனக்கு வேணும்."

அன்று ஓட்டு தறிக்காரர்களுக்கு மட்டுமே. மனைவிமார், கூலிக்கு வருபவர் என எங்கள் எல்லோரையும் சேர்ப்பதா என்பதை அவர்கள் கைதூக்கி முடிவு செய்ய, நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் என் கணவரின் கை உயர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்றவை. எதிர்வீட்டுக்காரர் கடைசிவரை கைகளைக் கட்டிக்கொண்டே இருந்தார். தீர்மானம் நிறைவேறியது. நான் அஞ்சியபடியே சிலர் வெளியேறி முதலாளிகளிடம் திரும்பினார்கள். எதிர்வீட்டுக்காரர் உட்பட மிஞ்சியவர்களைக் கொண்டு சங்கத்தைப் பதிவு செய்தோம்.

முதல் ஆண்டுக் கூட்டத்தில், லாபத்தைக் கொண்டு சொந்த விற்பனைக் கடை திறக்கலாம் என்று முன்மொழிந்தேன். முதல் எதிர்ப்பு ஐயம்பேட்டைப் பெண்ணிடமிருந்து வந்தது.

"மழையில தறிக்குழியில தண்ணி ஏறிக்கினா, வேலையில்லாத மாசத்துக்கு என்னாம்மா பண்றது? அதுக்கு எடுத்து வைங்க. கடைய அப்பால பாத்துக்கலாம்."

இம்முறை எதிர்வீட்டுக்காரர் அவருடன் சேர்ந்து கை தூக்கினார். என் தீர்மானம் தோற்றது.

வருத்தமாகத்தான் இருந்தது; கடையே சரி என்று இன்றும் நினைக்கிறேன். ஆயினும், நான் யாருக்காக எழுந்து நின்றேனோ அவர் எனக்கு நன்றிக்கடன்பட்டவராக ஒதுங்கி நிற்காமல் எனக்கு எதிராகவே கை உயர்த்துகிறார் என்பதுதான், இந்தச் சங்கம் எங்கள் எல்லோருக்கும் சொந்தம் என்பதற்கு நான் கண்ட உறுதியான சான்று.