அடிபட்ட கையின் எழுத்து

சத்தியசீலன் போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது நான் அல்சூர் சிக்னலில் நின்றிருந்தேன். பச்சை விழுந்தும் வண்டியை எடுக்க முடியவில்லை. பின்னால் ஹாரன் அடித்தவனைத் திரும்பிப் பார்த்துத் திட்டினேன். மர்பி டவுன் வீட்டில் மாரடைப்பாம். அத்தனை கோபக்காரர் இப்படிச் சட்டென்று அடங்கிப்போவார் என்று நான் நினைக்கவே இல்லை.

கொலை வழக்குகளில் எழுத்தை ஒப்பிட்டுச் சொல்லும் நிபுணர் அவர். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் தடயவியல் ஆய்வகத்தில் அவருக்குத் துணையாக ஒரு கணினி நிரல் எழுதினேன். சாய்வு, உயரம், இடைவெளி எல்லாம் அளந்து, இரண்டு தாள்களும் ஒத்துப்போகின்றனவா என்று அது சொல்லும். "உன் டப்பா என்னம்மா சொல்லுது?" என்றுதான் கேட்பார்.

ஸ்ரீராம்புரத்தில் ஒரு பழைய இரும்புக் கடைக்காரரைக் கழுத்தை வெட்டிக் கொன்றிருந்தார்கள். "உன்னை வெட்டாமல் விடமாட்டேன்" என்று ஒரு மிரட்டல் சீட்டு கல்லாவில் கிடந்தது. அவரோடு சண்டை போட்டிருந்த குமார் என்ற மாநகராட்சி ஓட்டுநரைப் போலீஸ் தூக்கியது. அதே வாசகத்தை அவனிடம் எழுதி வாங்கி எங்களுக்கு அனுப்பினார்கள். இரண்டும் ஒருவர் எழுத்து என்றது கணினி. "ஆய்தல்ல சார், முடிஞ்சுது, சைன் போடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

குமார் எழுதிக் கொடுத்த தாளைச் சீலன் லென்ஸை வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்திலும் பேனா தயங்கித் தயங்கி நின்றிருந்தது. ஓரத்தில் ரத்தக் கறை. எழுதி வாங்கும்போது வாசகத்தை வாயால்தான் சொல்ல வேண்டும், சீட்டைக் காட்டக் கூடாது. "அடிச்சு, சீட்டைக் காட்டி வரைய வெச்சிருக்கீங்க. அவனை இங்க கூட்டிட்டு வாங்கய்யா!" என்று கத்தினார். இன்ஸ்பெக்டர் நாற்காலியை எட்டி உதைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் கூட்டி வந்தார்கள். குமாரின் வலது கை விரல்களில் நகங்களே இல்லை. அவன் முன்பு வேலையிடத்தில் கொடுத்திருந்த விடுப்பு விண்ணப்பங்களைச் சீலன் வரவழைத்தார். அவற்றோடு சீட்டு ஒத்துப்போகவில்லை என்று கணினியே சொன்னது. "உன் டப்பா மேல தப்பில்லம்மா. அதுக்குத் தின்னக் குடுத்தவன் மேலதான் தப்பு" என்றார்.

கோர்ட்டில் அத்தனையையும் சொன்னார். குமார் விடுதலையானான். வாசலிலேயே செத்தவரின் மகன்கள், "எங்கப்பன வெட்டுனவன விட்டுட்டியேடா பாவி" என்று இரும்புக் கம்பியால் சீலனின் தோளை உடைத்தார்கள்.

மருத்துவமனையில், பையன்கள் பாவம் என்று சொல்லிவிட்டேன். "என்ன பாவம்? கேஸ் குடுத்திருக்கேன். அப்பன் செத்தா கண்டவனை அடிப்பானுங்களா?" என்று சீறினார். வலி அடங்கியதும், "அடிச்சாங்களான்னு உன் டப்பா முதல்ல கேக்கணும்" என்றார்.

"அது கம்ப்யூட்டர் வேலை இல்ல சார்."

"அப்போ அத மூடிப் போடு."

அந்தக் கேள்வியை நிரலில் எழுதிச் சேர்த்தேன். 'எழுதிக் கொடுத்தவரை அடித்தீர்களா?' என்ற கேள்விக்குப் பதில் தராமல் நிரல் மேலே நகராது. மேலிடத்தில் அதை எடுக்கச் சொன்னார்கள். சீலன் சண்டை போட்டுத் தடுத்தார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். அடக்கம் முடிந்து ஆய்வகத்துக்கு வந்தேன். புதிய வழக்கின் தாளோடு ஒரு கான்ஸ்டபிள் காத்திருந்தார். தாளோடு வரும் படிவத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டிய இடம் காலி.

"அது சும்மா ஃபார்மாலிட்டிதானே மேடம்?"

"அடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

அவர் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.