மகளின் தண்ணீர் லாரியும் என் அப்ரைசல் மூளையும்

பெங்களூரு ஒக்கலிபுரத்தில் வசிக்கிறோம். சென்ற ஆண்டு என் மகள், இடம் கிடைப்பதே அரிதான ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பத்தோடு அனுப்பத் தன்னைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். தண்ணீர் லாரிக்காரர் கன்னடத்திலும் எங்கள் அபார்ட்மென்ட் ஆன்ட்டிகள் தமிழிலும் சண்டை போடும்போது, திட்டுகளை மட்டும் விட்டுவிட்டு மொழிபெயர்ப்பவள் அவள். அதைத்தான் எழுதியிருந்தாள்.

"இதெல்லாம் எடுபடாதும்மா" என்று நான் ஆபீஸில் வருடாவருடம் வேலை மதிப்பீட்டுக்கு எழுதும் அப்ரைசல் பாணியில் திருத்தினேன்: 'ஸ்டேக்ஹோல்டர்களை ஒருங்கிணைத்தேன்.'

அனுப்பப் போகும் நேரத்தில் மனைவி படித்துப் பார்த்தாள். "யாருங்க இது? நம்ம பொண்ணா, உங்க மேனேஜரா?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் எழுதியதையே அனுப்பினோம். நேர்காணலில் லாரிக் கதையைத்தான் விடாமல் கேட்டார்களாம். இடமும் கிடைத்தது!

இப்போது என் மகன் அதே மாதிரி ஒரு கட்டுரை எழுதுகிறான். நான் டீ போட்டுக் கொடுப்பதோடு சரி.