அந்த வீட்டுச் சூடு போன வழி

என் காலுக்கு ஒரே இடத்தில் நிற்கத் தெரியாது. சென்னையில் ஐஸ் ஃபேக்டரியிலும் குளிர்பதனக் கிடங்கிலும் வேலை கற்றுக்கொண்டு, எண்பதுகளின் ஆரம்பத்தில் நான் திருவண்ணாமலைக்குத் திரும்பியபோது, ஊரில் ஏசி மெக்கானிக் என்றால் நான் ஒருத்தன்தான். ஏசியும் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். சோடாக் கடை ஃபிரிட்ஜ், டாக்டர் வீட்டு ஃபிரிட்ஜ் என்று காலையில் சைக்கிளை எடுத்தால், மதியச் சோறு எந்தத் தெருவில் என்று எனக்கே தெரியாது. காபி கொடுத்தால் நின்றுகொண்டே குடிப்பேன். வாயும் அப்படித்தான், சும்மா இருக்காது.

அந்த வீடு, மலை சுற்றுகிறவர்கள் நடந்து போகிற தெருவில் இருந்தது. வேர்க்கடலை மண்டிக்காரர் வீடு; எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். அவருடைய ஆறு வயதுப் பெண்ணுக்கு வியர்க்காது. பிறவியிலேயே வியர்வைச் சுரப்பி இல்லையாம். வெயில் ஏறினால் அவள் உடம்புச் சூடும் கூடவே ஏறும். கண் செருகி வலிப்பு வரும். கோடையில் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று வேலூரில் ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் ஊர்க் கத்திரி வெயிலில் குளிர்ச்சிக்கு எங்கே போவது? மலை முழுக்கப் பாறை. பகலெல்லாம் வாங்கிய வெயிலைச் சாயங்காலம் ஊர்மேல் கக்கும். மண்டிக்காரர் சென்னையில் ஒரு ஜன்னல் ஏசியை வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

பெண் படுக்கிற அறைக்கு வெளிச்சுவர் இரண்டு. தெருப்பக்கச் சுவரில் ஜன்னல் இருந்தது. கிணற்றடிப் பக்கம் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒன்றரை அடி கனம். அதை உடைக்க யாருக்குப் பொறுமை? ஜன்னல் கம்பியை அறுத்து, மரச்சட்டம் அடித்து, மெஷினின் முதுகு தெருவைப் பார்க்கிற மாதிரி ஒரே நாளில் மாட்டிவிட்டேன்.

சுவிட்சைப் போட்டதும் அந்தப் பெண் ஓடிவந்து கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். இந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது என்று அவள் அம்மா கேட்டார். தெரிந்த விஷயத்தைக் கேட்டால் விடுவேனா? குளிரை உண்டாக்க இதற்குத் தெரியாது, உள்ளே இருக்கிற சூட்டைத் தூக்கி வெளியே போடத்தான் தெரியும் என்று ஆரம்பித்து, பெருமையாக முடித்தேன்.

"பாப்பா ஒடம்புல இருக்கிற சூட்டையெல்லாம் எடுத்து, ரோட்ல போறவங்க மேல போட்டுடும்மா. அவ்ளோதான்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. நான் அதைக் கவனிக்காமல் அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

சித்திரை பிறந்ததும் மதியத்தில் மெஷின் நின்றுவிடுகிறது என்று ஆள் வந்தது. என் கடையிலிருந்து அந்த வீட்டுக்குக் கிணற்றடிச் சந்துதான் குறுக்குவழி. சந்துக் கதவைத் தட்டி, உள்ளே போய்ப் பார்த்தேன். கம்ப்ரஸர் சூடு தாங்காமல் தானாக நின்றிருந்தது. கொஞ்ச நேரம் ஆறியதும் ஜம்மென்று ஓடியது. இரண்டு நாள் கழித்து மறுபடி ஆள். கெபாசிட்டரை மாற்றினேன். ஸ்டெபிலைசரை மாற்றினேன். வோல்டேஜ் கம்மி, ஊரே உருப்படாது என்று கத்தினேன். நான் இருக்கும்வரை ஓடும். நான் தெருமுனை தாண்டினால் நின்றுவிடும். யார் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும், இந்நேரம் அங்கே நின்றிருக்குமோ, பெண்ணுக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் மனசு பறந்தது. கூப்பிடாமலேகூடப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். மெஷினின் மற்ற எல்லாப் பக்கத்தையும் பார்த்தவனுக்கு, தெருப்பக்கம் போய் முதுகைப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

சித்ரா பௌர்ணமி அன்று மதியம் மூன்று மணிக்கே மலை சுற்றுகிற கூட்டம் சேர்ந்துவிட்டது. பாப்பாவுக்கு உடம்பு கொதிக்கிறது என்று மண்டி ஆள் ஓடிவந்தான். சந்து முழுக்க அன்னதானத்துக்கு அடுப்பு மூட்டி அண்டா ஏற்றியிருந்தார்கள். சைக்கிளைப் போட்டுவிட்டு, செருப்பில்லாமல் நடக்கிற கூட்டத்தில் புகுந்து, இடித்துக்கொண்டு தெருப்பக்கமாகப் போனேன். ஜன்னலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். நாலாக மடித்த கோணிச் சாக்கு ஒன்று, தண்ணீர் சொட்டச் சொட்ட, மெஷினின் முதுகை மூச்சுவிடாமல் போர்த்தித் தொங்கியது. உள்ளிருந்து இழுத்துத் தூக்கிக்கொள்ள ஒரு கயிறு வேறு.

சாக்கைப் பிய்த்து எறிந்துவிட்டு உள்ளே ஓடினேன். பெண் ஈரத்துணியில் சுருண்டு கிடந்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. அவள் அப்பா கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து அவள்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். மெஷினின் மூடியைக் கழற்றி, கம்ப்ரஸர்மேல் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். அது ஆறுவதற்குக் காத்திருக்க வேண்டிய நேரத்தில் என் வாய் அடங்கவில்லை. பெற்ற பெண்ணையே கொல்லப் பார்த்தாயா, சாக்கைக் கட்டினால் சூடு எந்த வழியில் போகும், அறிவு வேண்டாமா என்று அந்த அம்மாவை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் பெண்ணின் காலைப் பிடித்தபடியே சொன்னார்.

"நீங்கதானேண்ணே சொன்னீங்க, பாப்பா சூட்ட ரோட்ல போறவங்க மேல போடுதுன்னு. செருப்பு இல்லாம மலைய சுத்திட்டு வர்றவங்கண்ணே. அவங்க மேல அத போட்டுட்டு எம்பொண்ணு எப்டி நல்லா இருப்பா?"

சாக்கு நனைந்திருந்தால் சூடு அதிலேயே அடங்கிவிடும் என்பது அவர் கணக்கு. சந்துக் கதவு தட்டுகிற சத்தம் கேட்டால், மெக்கானிக் வருகிற நேரத்தில் அழுக்குச் சாக்கு தொங்கினால் நன்றாகவா இருக்கும் என்று கயிற்றை இழுத்துத் தூக்கிவிடுவாராம். மற்ற நாளில் கூட்டம் போனதும் தூக்கிவிடுவார். அன்று கூட்டம் ஓயவே இல்லை.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது நானாக இருந்திருந்தால் பரவாயில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது. கம்ப்ரஸரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அந்த அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தேன். ஒருவழியாக மெஷின் ஓடியது. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள்.

மறுநாள் காலையிலேயே சுத்தியலும் உளியுமாகப் போய்க் கிணற்றடிச் சுவரை உடைக்க ஆரம்பித்தேன். கொத்தனாரைக்கூடக் கூப்பிடவில்லை. கையெல்லாம் கொப்புளம். மூன்றாம் நாள் மெஷினின் முதுகு கிணற்றைப் பார்த்தது. அதற்கப்புறம் அந்தக் கோடையில் அது நிற்கவே இல்லை.

மறு வருஷம் கத்திரிக்கு முன்னால் சர்வீஸுக்குப் போனேன். தெருக்கதவைத் திறந்தது அந்தப் பெண்தான். ஒரு சாண் வளர்ந்திருந்தாள். அம்மா எங்கே என்றதற்குப் பின்பக்கம் கையைக் காட்டினாள். போய்ப் பார்த்தேன். மெஷினின் முதுகுக்கு நேர் எதிரே முக்காலி போட்டு, முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. அனல் நேராக மூஞ்சியில் அடிக்கிறது. ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. நிழல் அவ்வளவு இருக்க இங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"யார் மேலயாவது பட்டுத்தானேண்ணே ஆவணும். எம் மேலயே படட்டும். எனக்குத்தான் வேர்க்குதே."

காற்றில் கலந்தால் அந்தச் சூடு யாரையும் ஒன்றும் செய்யாது என்று விளக்க வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

"ஒரு அடி தள்ளி உக்காருங்கம்மா, காத்து போவட்டும்" என்று மட்டும் சொன்னேன். அவர் முக்காலியை நகர்த்திப் போட்டு, அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.