எதிர்மேட்டுக்கு எத்தனை காலடி

எதிர்மேட்டில் நிற்கும் ஹீன் பண்டா தும்மினால் என் வீட்டு விறாந்தையில் கேட்கிறது. அவன் மாட்டைத் திட்டுவது கேட்கிறது. அவன் மண்வெட்டி கல்லில் படுவதை முதலில் பார்க்கிறேன். சத்தம் கொஞ்சம் பிந்தி வந்து சேருகிறது. ஆனால் அவனுக்கு ஒரு பாக்குக் கொடுக்க வேண்டுமென்றால் நான் இருநூற்றுத் தொண்ணூறு காலடி இறங்கி, ஓடைமேல் போட்ட பலகையைக் கடந்து, முன்னூற்றைம்பது காலடி ஏற வேண்டும். இடையில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டும். தும்மலுக்கு இல்லாத சிரமம் பாக்குக்கு இருக்கிறது. கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இது நம்புவதற்குக் கடினமாக இருக்கும். இங்கே கண்டி மலைகளுக்குள் வந்து சேர்ந்த நம்மவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நான் இந்தச் சீமைக்கு வந்து முப்பத்தொரு வருஷமாகிறது. கண்டி நகரத்தில் ஒரு தேயிலைக் கிட்டங்கியில் பெட்டி எண்ணும் வேலை. எழுத்தர் என்று பெயர். காலையில் வந்த பெட்டி, மாலையில் போன பெட்டி, ஈரம்பட்ட பெட்டி, ஆணி கழன்ற பெட்டி. வேலை ஓய்ந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. அம்பிட்டியவிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ் எத்தனை வளைவு திரும்புகிறது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். ஓய்வு பெற்றபோது கம்பெனி கையில் கொடுத்த தொகையில் எதிர்மேட்டில் அரை ஏக்கர் வாங்கினேன். ஊருக்குத் திரும்பி, தம்பி வீட்டில் ஓர் அறையில் இருக்க எனக்கு மனமில்லை. என் மனைவிக்கு இங்கே இருக்க மனமில்லை. அந்த அரை ஏக்கர்தான் எங்களிருவருக்கும் நடுவில் கிடந்தது.

நிலத்தில் மரவள்ளியும் வத்தாளையும் போட்டோம். வத்தாளை என்பது நம்மூர்ச் சீனிக்கிழங்கு. பக்கத்துத் தோட்டத்துக்காரனான ஹீன் பண்டா பாதிப் பங்குக்கு உழைத்தான். முதல் போகம் கிழங்கு முற்றும் நேரத்தில் ஓர் ஒற்றைக் காட்டுப் பன்றி வந்து உழுதுவிட்டுப் போனது. இரண்டாம் போகத்துக்கு மூங்கில் வேலி கட்டினோம். பன்றி வேலியையும் சேர்த்து உழுதது. பண்டா தகரம் தட்டினான், புகை போட்டான். பன்றி நான்கு நாள் வராமல் இருந்துவிட்டு ஐந்தாம் நாள் வந்தது. பொழுது விடிகிற வெளிச்சத்தில் அது மேட்டில் மேய்வதை விறாந்தையில் நின்று நானே பார்த்திருக்கிறேன். நான் கைதட்டினால் தலையைக்கூடத் தூக்காது. நான் எவ்வளவு தூரம் என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

மூன்றாம் போகத்துக்கு நட்டு முடித்த அன்று என் மனைவி சொன்னாள்: "இந்த வெள்ளாமையும் போச்சுன்னா நிலத்தைக் குடுத்துட்டு ஊருக்குப் போயிருவோம். பன்னிக்குப் பந்தி வைக்கவா கடல் தாண்டி வந்தோம்?" நான் சரி என்றேன். சொன்ன சொல்லை மீற முடியாது. அதனால்தான், அறுபத்து மூன்று வயதில், கையில் பேனாக்கத்தியைத் தவிர வேறு ஆயுதம் பிடித்திராத நான், ஒரு துப்பாக்கி வாங்குவதென்று முடிவு செய்தேன். விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்தபடி எதிர்மேட்டைச் சுடக்கூடிய துப்பாக்கி. விடியும் முன் ஓடையைக் கடந்து பரணில் காத்திருக்க என் முழங்காலும் மூச்சு இழுப்பும் இடம் கொடா.

லைசென்ஸுக்காகக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, போனேன். மேசையில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஓம், எல்லாம் சரிதான். சுடப்போறது பண்டியையோ, பக்கத்து வீட்டுக்காரரையோ?" என்றார். பன்றியைத்தான் என்று நான் பதறிப்போய்ச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

துப்பாக்கியை இங்கே துவக்கு என்கிறார்கள். மடவளைக்காரரான ஸாலிஹ் நானா டவுனில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். இங்கிலாந்துக்குத் திரும்பிப் போகும் துரைமார் விட்டுச்செல்லும் துவக்குகளையும் லைசென்ஸோடு வாங்கி விற்கிறார். என்னிடம் நூற்றைம்பது ரூபாய் இருந்தது. அதற்குமேல் இருந்தது பிஸ்கற் தகரத்தில் இருக்கும் ஊர்ப் பணம்: இரண்டு பேருக்குத் தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து கப்பல், அக்கரையில் மறுபடி ரயில். அதை நாங்கள் தொடுவதில்லை.

"எவ்வளவு தூரத்துக்குச் சுடணும், செல்லுங்க" என்றார் நானா. இங்குள்ள முஸ்லிம்கள் பேச்சில் 'சொல்' 'செல்' ஆகும், 'இருக்கு' 'ஈக்கி' ஆகும்.

"அறுநூற்று நாற்பது காலடி. ஒரு காலடிக்கு இரண்டரை அடி வைத்தால் ஆயிரத்து அறுநூறு அடி. ஐந்நூற்று முப்பத்து மூன்று கஜம்."

நானா எழுந்து நின்றுவிட்டார். "ஐயா, பன்றிக்கா, யுத்தத்துக்கா?"

மூன்று துவக்குகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று சின்னக் குழாய், நாற்பது ரூபாய், முயலுக்குப் போதும், பன்றிக்குக் கோபம்தான் வரும் என்றார். இரண்டாவது, ஒரு தோட்டா மட்டும் போட்டுச் சுடும் பழைய ரைபிள், எழுபது ரூபாய், கட்டை தேய்ந்திருந்தது, ஆனால் குழாயின் உட்புறம் கண்ணாடிபோல் இருந்தது. மூன்றாவது ஜெர்மன் ரைபிள், மேலே நான்கு மடங்கு காட்டும் தூரக்கண்ணாடி பூட்டியது; இருநூற்றறுபத்தைந்து ரூபாய். "நீங்க செல்ற தூரத்துக்கு இதுதான் ஈக்கி. அதுவும் வாங்கினவுடனே பட்டுடாது. அவ்வளவு தூரத்தில தோட்டா ஓர் ஆள் உயரத்தை விடக் கூடவே கீழ விழும். காத்து அடிச்சா பக்கத்தில போகும்." தோட்டா விழும் என்பது எனக்குப் புதிய சங்கதி. நேராகப் போகும் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன். எத்தனை கஜத்துக்கு எத்தனை அங்குலம் விழும் என்று கேட்டுக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். பாவம், ஒரு மணி நேரம் அவருக்கு வேறு வியாபாரம் நடக்கவில்லை.

தூரக்கண்ணாடியை வாசலில் வைத்து எதிர்க்கடைப் பலகையைப் படித்தேன். அற்புதமாக இருந்தது. நானா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நடுப்பகல்ல எல்லாக் கண்ணாடியும் நல்லாத்தான் ஈக்கும். பன்றி நடுப்பகல்லயா வருது? அந்திக்கு வாங்க, வந்து பாத்துச் செல்லுங்க." இப்படிச் சொல்லும் வியாபாரியை முப்பத்தொரு வருஷத்தில் நான் கண்டதில்லை. அந்திக்குப் போனேன். எல்லாக் கண்ணாடியும் மங்கியபோது, தனியாக அலுமாரியில் கிடந்த ஒரு கண்ணாடி மட்டும் பலகையின் கடைசி வரியைக் காட்டியது. அதன் விலை, பூட்டும் கொளுவியோடு, எழுபத்தைந்து. பழைய ரைபிளும் இதுவுமாக நூற்று நாற்பத்தைந்து. என் கைக்குள் அடங்கும். ஆனால் பழைய ரைபிள் முன்னூறு கஜத்துக்கு மேல் உதவாது என்று நானா கையை விரித்தார்.

அன்றிலிருந்து பத்து நாள் எனக்குத் தூக்கமில்லை. ஜெர்மன் ரைபிள் என்றால் ஊர்ப் பணத்தில் நூற்றுப் பதினைந்தை எடுக்க வேண்டும். எடுத்துச் சுட்டுப் பன்றியும் தப்பினால், விளைச்சலும் இல்லை, நிலமும் இல்லை, திரும்பிப்போகக் கப்பல் காசும் இல்லை. ஹீன் பண்டாவிடம் சொன்னேன். அவன் என் வீட்டையும் தன் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "ஹூவக்வத் நே, மஹத்தயா" என்றான். ஒரு ஹூகூட இல்லை, ஐயா என்று பொருள். இங்கே ஒருவன் 'ஹூ' என்று கூவினால் எது வரை கேட்குமோ அது ஒரு தூரக் கணக்கு. யாருடைய தொண்டை, எந்தக் காற்று, மழையிலா வெயிலிலா என்ற விவரம் ஒன்றும் அதில் கிடையாது. "உன் ஹூவில் எத்தனை கஜம்?" என்று கேட்டேன். அவன் யோசித்துவிட்டு, "பெரிய மனுசன் கூவினா பெரிசு" என்றான். இதையெல்லாம் நம்பி இருநூற்றறுபத்தைந்து ரூபாய்க் காரியம் செய்ய முடியுமா? நான் மறுபடியும் இறங்கி ஏறி எண்ணினேன். அறுநூற்று நாற்பத்திரண்டு வந்தது. இரண்டு காலடி எங்கே கூடியது என்று அன்று முழுவதும் கவலை.

பத்தாம் நாள் காலை பிஸ்கற் தகரத்தை எடுக்க என் மனைவியிடம் சாவி கேட்டேன். அவள் சாவியைக் கொடுக்கவில்லை, மறுக்கவும் இல்லை. இடுப்பிலிருந்து எடுத்துக் கதிரைக் கையில் வைத்துவிட்டு, "எண்ணி முடிச்சாச்சுன்னா எடுத்துக்கிடுங்க" என்று உள்ளே போனாள். நான் சாவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே பண்டா வரப்புக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்தான். சம்மட்டி விழுந்தது; பிறகு சத்தம் வந்தது. விழுந்தது, வந்தது.

கண்டிக்கு வந்த முதல் மாதம் நடந்த ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. நம்மூர்க்காரர் ஒருவர் விருந்துக்கு அழைத்திருந்தார். அவர் வீடு குளத்துக்கு எதிர்க் குன்றில், கண்ணெதிரே நின்றது. வாசலில் கோலம் தெரிந்தது. கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு வீடு அவ்வளவு பெரிதாகத் தெரிந்தால் அரை நாழிகையில் போய்விடலாம். பதினொன்றரைக்குக் கிளம்பினேன். பாதை குளத்தைச் சுற்றியது, குன்றைச் சுற்றியது, வந்த பக்கமே திரும்பியது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். சமவெளிக்காரனுக்குக் கண் காட்டும் தூரமும் கால் நடக்கும் தூரமும் ஒன்றுதான். எங்கள் அப்பா நிலத்தைக் காலால்தான் அளந்தார். அது ஒருபோதும் பொய்த்ததில்லை. இங்கே அவை இரண்டும் வேறு என்பதை அன்றைக்கே பசித்த வயிற்றோடு படித்திருந்தேன். ஆனால் தோட்டா ஓடையில் இறங்கிப் பலகையைக் கடந்து மேடு ஏறிப் போகாது என்பது மட்டும் பத்து நாளாக என் புத்தியில் ஏறவில்லை.

சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்தேன். அது ஒரு விநாடிக்கு ஐந்து முறை டிக்கென்னும். ஒலி ஒரு விநாடியில் ஏறக்குறைய ஆயிரத்து நூறு அடி செல்லும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது மறக்கவில்லை. சம்மட்டி விழுந்ததிலிருந்து சத்தம் வரும் வரை டிக்குகளை எண்ணினேன். சில முறை இரண்டு, பல முறை மூன்று. இருபது சம்மட்டி அடிக்கு மொத்தம் ஐம்பத்து நான்கு டிக். வகுத்துப் பார்த்தேன்: ஐந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு அடி. நூற்றுத் தொண்ணூற்றெட்டு கஜம்.

சாவியை எடுத்துப் போய் அவளிடம் கொடுத்தேன். "என்ன, எண்ணலியா?" என்றாள். "எண்ணியாகிவிட்டது" என்றேன்.

ஸாலிஹ் நானா புதுக் கணக்கு எழுதிய தாளைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இத்தனையும் கால் போட்ட கணக்கா! ஐயா, நீங்க தோட்டாவுக்குச் செருப்பு வாங்கிக் குடுத்தீக்கிறீங்க." பழைய ரைபிளையும் அலுமாரிக் கண்ணாடியையும் பூட்டித் தந்தார், மிச்சம் ஐந்து ரூபாய்க்கு இருபது தோட்டா. இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். கண்ணாடிக்கும் புருவத்துக்கும் மூன்று விரல் இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் உதைத்து நெற்றியைக் கிழித்துவிடும். இன்னொன்று, இடது கண்ணை மூடக் கூடாது. "வலது கண் கிட்டப் பாக்கட்டும், இடது கண் மத்ததெல்லாம் பாக்கட்டும். ஒண்ண மூடினா, குறுக்கே யார் வாறாங்கண்டு தெரியாது."

பண்டா மேட்டின் மண்சுவரில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைச் சாத்திவிட்டு, என் வீட்டுக்கே வந்து என் பின்னால் நின்றுகொண்டான். முதல் தோட்டா எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டாவதும் அப்படியே. ஏழாவது தகரத்தில் பட்டது. பதின்மூன்று மிச்சம். என் மனைவி அடுப்படியிலிருந்து சொன்னாள்: "நல்லாச் சுடுங்க. ஆனா உசிர எடுத்த கையோட குளிக்காம உள்ள வராதீய. சாமி படம் இருக்கு."

மூன்றாவது வாரம், விடிந்தும் விடியாத நேரத்தில், அது வந்தது. வெறுங்கண்ணுக்கு ஒரு கருப்பு அசைவு. கண்ணாடிக்குள் அதன் உடைந்த பல்லும், மூக்கில் ஒட்டிய ஈர மண்ணும், மெல்லும் தாடையும் தெரிந்தன. இரண்டு வருஷம் கோபித்துக்கொண்டிருந்தவனுக்கு அதன் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்க்க வெட்கமாக இருந்தது. ஐந்து முறை மென்றது. ஆறாவது முறை மெல்லும்போது சுட்டேன்.

புகை கலைந்து வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பண்டா மேட்டில் ஏறி நின்று இரண்டு கைகளையும் வாயில் குவித்தான். கை குவிந்ததைப் பார்த்தேன். பிறகு சத்தம் வந்தது. "ஹூ!" பன்றி விழுந்தது என்று அர்த்தம். பதில் கூவ வேண்டும், அதுதான் முறை. முப்பத்தொரு வருஷத்தில் நான் ஒரு முறையும் கூவியதில்லை. இழுப்பு நெஞ்சோடு எழுந்து நின்று கூவினேன். பாதிதான் வந்தது. அது போதுமாக இருந்தது. பண்டா கையை உயர்த்தினான். இறைச்சி அவன் வீட்டுக்குப் போனது. நான் கிணற்றடிக்குப் போனேன். என் மனைவி பதினான்கு வாளி ஊற்றினாள்.

கிழங்கு வெட்டி முடிந்தது. என் பங்குக்கு இருபத்தாறு சாக்கு. நிலம் நிற்கிறது, தகரத்தில் ஊர்ப் பணமும் குறையாமல் இருக்கிறது. அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அவள் சொன்னாள்: "இனி போறதுன்னாலும் இருக்கறதுன்னாலும் பன்னியச் சாக்குச் சொல்ல முடியாது. நாமதான் சொல்லணும்." நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

போன வாரம் அடுத்த போகத்துக்குக் கொடி நட எதிர்மேட்டுக்குப் போயிருந்தேன். தூரக்கண்ணாடியை மட்டும் துவக்கிலிருந்து கழற்றி மடியில் கொண்டுபோனேன். இளைப்பாற உட்கார்ந்தபோது அதை எடுத்து, நானா சொன்னபடி இரண்டு கண்ணையும் திறந்து, என் வீட்டைப் பார்த்தேன். வலது கண்ணில் என் கதிரை, அதன் தேய்ந்த கை, வாசற்படி. இடது கண்ணில் ஒரு மலை, அதன் நடுவில் தீப்பெட்டி அளவில் ஓர் ஓட்டு வீடு. என் மனைவி விறாந்தைக்கு வந்தாள். பிஸ்கற் தகரத்தைக் கதிரைமேல் வைத்துத் திறந்தாள். உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தாள். எதையும் எடுக்கவில்லை, எதையும் போடவில்லை. முந்தானையால் மூடியைத் துடைத்து மூடிவிட்டு, நான் இருக்கும் திசையில் நிமிர்ந்து பார்த்தாள். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்தது. என்ன நினைத்தாள் என்று கேட்க, இறங்கி ஏறி, அறுநூற்று நாற்பது காலடி போக வேண்டும்.