நடன மன்றத்துக்குப் போட்ட சிவப்புத் தரை

கடலூரில் நடனத்துக்கென்றே ஒரு மன்றம் இருக்கிறது. அதன் தரை நான் போட்டது. பெருமைக்குச் சொல்லவில்லை. அதில் நான் செய்த தப்பைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்த இடம் முன்பு பண்ருட்டி வியாபாரி ஒருவரின் முந்திரிக் கிடங்கு. நடனம் கற்றுக்கொடுக்கும் டீச்சரம்மா அதை வாங்கினார். அதுவரை கல்யாண மண்டபத்து மாடியில்தான் வகுப்பு நடத்திவந்தார். முகூர்த்த நாள் வந்தால் பிள்ளைகள் சலங்கையைப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான். கம்மாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த பிள்ளையும் அப்படியே திரும்பும்.

அதனால் வேலை தொடங்கிய அன்றே சொல்லிவிட்டார்: "மேஸ்திரி, இங்க கல்யாணம், காதுகுத்து, மீட்டிங் ஒண்ணும் கெடையாது. ஆட்டம் மட்டுந்தான். ஆட வந்த பிள்ளைய யாரும் திருப்பி அனுப்பக் கூடாது."

அந்தப் பேச்சு என் மனசில் நின்றுவிட்டது. நான் சிதம்பரத்துக்காரன். ஆடுகிற சாமியைக் கும்பிட்டு வளர்ந்தவன். எட்டாவதோடு படிப்பை விட்டுக் கொத்து வேலைக்குக் கரணை பிடித்த நான் அவருக்கு வேறென்ன செய்ய முடியும்? தரையையாவது சந்நிதி மாதிரி போட்டுக் கொடுப்போம் என்று நினைத்தேன். சிமெண்டில் சிவப்பு ஆக்சைடு கலந்து பூசி, நாள்கணக்கில் தண்ணீர் கட்டி, பிறகு தேங்காயெண்ணெய் விட்டுத் தேய்த்தோம், தேய்த்தோம், அப்படித் தேய்த்தோம். கூட வேலை செய்தவன் என் மனைவியின் தம்பி.

"மாமா, இதுல மூஞ்சி பாத்து மீசைய முறுக்கிக்கலாம் போல."

"பேசாம தேய்டா மச்சான். சாமி காரியம்."

திறப்பு விழா வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை டீச்சரம்மா வந்தார். தரையைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓர் அடி தட்டினார். இரண்டாவது அடியில் கால் வழுக்கிவிட்டது. நல்லவேளை, பக்கத்தில் தூண் இருந்தது.

திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை. "ரொம்ப அழகா இருக்குது மேஸ்திரி. ஆனா பிள்ளைங்க கால் இதுல நிக்காது. வெள்ளிக்கெழம வெளக்கேத்தி, பொங்கல குடுத்து அனுப்பிடலாம். ஆட்டத்த அப்பறம் பாத்துக்குவோம்" என்றார்.

ஆட்டத்துக்கென்று கட்டிய இடத்தில் முதல் நாளே ஆட்டம் இல்லை. இந்த முறை பிள்ளைகளைத் திருப்பி அனுப்பப் போவது முகூர்த்தம் இல்லை, நான்.

"மூணு நாள் குடுங்க டீச்சரம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் கோயிலுக்குப் போய், "அந்தப் பிள்ளைங்க கால் நிக்கணும் சாமி" என்று வேண்டிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன். வெந்நீரும் சீயக்காய்த் தூளும் போட்டு எண்ணெயை எடுத்தோம். பிறகு சொரசொரப்பான கல்லை வைத்து, நாங்கள் ஏற்றிய மினுமினுப்பை நாங்களே இறக்கினோம். அதிகம் தேய்த்தால் பாதம் கிழியும், குறைத்தால் வழுக்கும். தரையின் மட்டம் பார்க்கத் தெரிந்த எனக்குப் பாதத்தின் அளவு தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நானே தட்டிப் பார்த்தேன்.

"இருங்க, அக்காவுக்குப் போன் போடுறேன். மாமா ஆட ஆரம்பிச்சிட்டாரு!"

"சிரிக்காதடா. நீயும் வந்து தட்டு. என்னவிட நீதான் வெயிட்டு."

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் தொம் தொம்மென்று தட்டினோம். தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை மாலை டீச்சரம்மா நாலு மூலையிலும் தட்டிப் பார்த்தார். "வாசப்பக்கம் இன்னும் கொஞ்சம்" என்றார். தேய்த்தோம். மறுபடி தட்டினார். "நாளைக்கு ஆடட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். தரை மங்கி, செம்மண் நிறத்தில் கிடந்தது. முதலில் ஆட வந்தது அந்தக் கம்மாபுரத்துப் பிள்ளை. குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. மிதிக்கப் போகிறேன், பொறுத்துக்கொள் என்று பூமியிடம் கேட்பதாம். எத்தனையோ வீட்டுக்குத் தரை போட்டிருக்கிறேன். நான் போட்ட தரையை ஒருவர் தொட்டுக் கும்பிட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மாமா, மூச்ச விடுங்க" என்றான் மச்சான்.

பிள்ளை காலைத் தூக்கித் தட்டியது. கால் நின்றது.