வேண்டாம் என்பதற்கு எங்கே கையெழுத்து?

மொழிபெயர்ப்பாளருக்குச் சொந்த அபிப்பிராயம் இருக்கக் கூடாது. இருந்தால் அதைக் குளிர் ஜாக்கெட்டோடு சேர்த்துக் கழற்றி வாசலில் கொளுவிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மொன்றியலில், லாசால் பக்கத்து சுகாதார நிலையம் ஒன்றில் பதினொரு வருடமாக எனக்கு இதுதான் வேலை. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும் நாட்களில் ஒரு பக்கம் எங்கள் தமிழ்த் தாய் தகப்பன், மறுபக்கம் லூசி என்ற பிரெஞ்சுக்கார நேர்ஸ், நடுவில் நான். யார் கோபப்பட்டாலும் அந்தக் கோபம் என் வாயால்தான் வெளியே வரவேண்டும்.

பிள்ளையின் ஊசிப் புத்தகத்தைத் தேடி வீட்டிலுள்ள அத்தனை மேசை லாச்சியையும் கவிழ்த்தவர்களே, ஊசி போடுவதா விடுவதா என்று குடும்ப வாட்ஸப் குழுவில் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். யாருடைய பெயரையும் சொல்லமாட்டேன். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கோயிலிலும் சேர்ச்சிலும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது வேறு கதை.

ஸ்காபரோ மச்சானின் கடிதம்

டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற ஒரு தம்பி ஒருநாள் டை கட்டிக்கொண்டு வந்தார். மகள் பள்ளிக்கூடம் தொடங்கப் போகிறாள். அவளுக்கு ஊசி வேண்டாம் என்பது அவருடைய முடிவு. ஸ்காபரோவில் இருக்கிற மச்சானும் அப்படித்தானாம். மச்சான் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் பிள்ளைக்கு விலக்கு வேண்டுமென்றால் தாய் தகப்பன் ஒரு வகுப்பில் இருந்து கேட்டு, பிறகு சத்தியக் கடதாசியும் முடித்துக் கொடுக்கவேண்டும். மச்சானின் கடதாசியில் பெயரை மட்டும் மாற்றி எடுத்து வந்திருந்தார். மூன்று பக்கம். மனச்சாட்சியில் தொடங்கி மனித உரிமையில் முடிந்தது. நான் அதைப் பிரெஞ்சில் சொல்லி முடிக்கும்வரை, தேசிய கீதம் பாடுகிறபோது நிற்பதுபோல எழும்பி நின்றார்.

லூசி பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஊசி ஏன் நல்லது என்பதைச் சொன்னாள். பிறகு, "ஆனால் இங்கே கியூபெக்கில் பள்ளிக்கூடம் போக இது கட்டாயமில்லை. வேண்டாமென்றால் வேண்டாம் என்று வாயால் சொன்னாலே போதும், கடிதம் தேவையில்லை" என்றாள். நான் தமிழில் சொன்னேன். அவர் நம்பவில்லை. திரும்பவும் சொன்னேன். மெதுவாக உட்கார்ந்தார். டையைத் தளர்த்தினார்.

"லீவு போட்டு, தலைமயிர் வெட்டி வந்தனான் அக்கா. எதிர்க்கிறதுக்கு இங்க ஒண்டுமே இல்லையோ?"

யார் அந்தச் சின்னமுத்து?

சென்னையிலிருந்து வந்து ஆறு மாதமான ஒரு தாய். கணவர் டவுன்டவுனில் கம்ப்யூட்டர் வேலை. பையன் போகிற கார்டெரியிலிருந்து, அதாவது குழந்தைகள் காப்பகத்திலிருந்து, அவசரக் கடிதம் வந்ததென்று ஓடி வந்திருந்தார். கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத் தமிழில் விளக்கினேன்: "உங்கட மகன்ர வகுப்பிலை சின்னமுத்து வந்திருக்கு. ஊசி போடாத பிள்ளையளைச் சின்னமுத்து லேசிலை பிடிக்கும். அதனாலை கொஞ்ச நாளைக்கு மகனை அனுப்ப வேண்டாமாம்."

அவருடைய முகம் வெளுத்தது. பையனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். லூசி என்னைப் பார்த்து, "என்ன சொன்னாய் இவளுக்கு?" என்றாள். வியாதியின் பெயரைத்தான் சொன்னேன் என்றேன். அந்தத் தாய் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"மேடம், அந்தச் சின்னமுத்து யாருங்க? பிள்ளைங்களைப் பிடிக்கிற ஆளுன்னா போலீஸ்ல சொல்லாம எங்க பையனை ஏன் வீட்ல இருக்கச் சொல்றாங்க?"

(எங்கள் சின்னமுத்து அவர்களுக்குத் தட்டம்மை என்பதை அன்றுதான் படித்தேன். அன்றைக்கே பையனுக்கு ஊசி போட்டாயிற்று.)

ஆளுக்கு ஆள் தெரியாமல்

மன்னார்ப் பக்கத்துக் குடும்பம். ஒரு செவ்வாய்க்கிழமை தாய் மட்டும் ஒரு வயதுப் பிள்ளையோடு வந்தார். "மனுசனுக்கு இதிலை நம்பிக்கையில்லை. அவருக்குத் தெரியாமல் போடலாமோ?" என்று கேட்டார். இங்கே தாய் தகப்பனில் ஒருவர் வந்து ஓமென்று சொன்னாலே போதும். மற்றவருக்கும் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் மற்றவர் எதிர்க்கிறார் என்று வாயால் சொல்லிவிட்டால் எடுத்துக்கொள்வது கஷ்டம். லூசி கேட்டாள்: "வேண்டாம் என்று அவர் உங்களிடம் சொன்னாரா?" அந்த அம்மா பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "சொல்லேல்லை. முகத்தைப் பாத்தா அப்பிடித்தான் இருக்கும்." முகம் சட்டப்படி செல்லாது என்றாள் லூசி. ஊசி போட்டாயிற்று.

சனிக்கிழமை அதே பிள்ளையோடு தகப்பன் வந்தார். மனைவி வாட்ஸப்பில் எதையெதையோ பார்த்துவிட்டுப் பயந்துபோய் இருக்கிறாராம். அவருக்குத் தெரியாமல் ஊசியைப் போட்டுவிட வேண்டுமாம். லூசி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். நாலு நாளுக்கு முன்னரே போட்டாயிற்று என்று திரையை அவர் பக்கம் திருப்பினாள். மனிதருக்கு வந்ததே கோபம். தகப்பனுக்கு உரிமை இல்லையா, என்னைக் கேட்காமல் எப்படிப் போடலாம் என்று கத்தினார். நீங்களும் அவரைக் கேட்காமல் போடத்தானே வந்தீர்கள் என்றேன். மொழிபெயர்ப்பாளர் சொல்லக் கூடாத வார்த்தை அது, வாய் தவறிவிட்டது. அவர் பிள்ளைக்குத் தொப்பி போட்டார், சப்பாத்துப் போட்டார், கதவுவரை போய்த் திரும்பி வந்தார்.

"அக்கா, நான் வந்து கேட்டனான் எண்டு மட்டும் அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

பதினாலு வயது

கியூபெக்கில் பதினாலு வயதானால் பிள்ளை தானே சம்மதம் கொடுக்கலாம். இதை ஒரு யாழ்ப்பாணத்துத் தகப்பனுக்கு மொழிபெயர்ப்பதைவிட வேறு எந்த வேலையும் லேசு. பள்ளிக்கூடத்தில் ஊசி போட்ட நாளன்று மகள் காய்ச்சலில் வீட்டில் இருந்தாளாம். அதனால் நிலையத்துக்கு வந்திருந்தார்கள். தகப்பன் படிவத்தில் 'மறுக்கிறேன்' என்ற பெட்டியில் கடதாசி கிழிய அடையாளம் போட்டு, கீழே பெரிய கையெழுத்தும் வைத்திருந்தார். லூசி படிவத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டு மகளைப் பார்த்தாள். மகள் பிரெஞ்சில் படபடவென்று நாலு கேள்வி கேட்டாள், பதில்களைக் கேட்டாள், சட்டைக் கையை மடித்தாள்.

"அவள் என்ன சொல்லுறாள்?"

"ஓம் எண்டு சொல்லுறா அண்ணை."

"நான் இல்லை எண்டு எழுதியிருக்கிறன்."

"அவ சொல்லுறதுதான் சட்டமாம்."

"போன மாதம் காது குத்த என்ர கையெழுத்துக் கேட்டவங்கள்! இதுவும் குத்துறதுதானே?" என்றார். இதை நான் லூசிக்குச் சொல்வதற்குள் லூசி குத்தி முடித்திருந்தாள். அவ்வளவு நேரமும் வீராங்கனைபோல இருந்த பிள்ளை எழும்பினாள், கண் சொருகியது, "அப்பா" என்று அப்படியே சரிந்தாள். நாங்கள் கை நீட்டுமுன் அவர் பாய்ந்து தாங்கிவிட்டார். கட்டிலில் கிடத்தி, முகம் துடைத்து, ஆரஞ்சு ஜூஸ் பருக்கி, அவள் கண் திறந்து சிரித்த பிறகுதான் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தியளோ தங்கச்சி, சட்டம் விழேக்கை பிடிக்க அப்பன்தான் வேணும்."

எழுதியாச்சோ?

ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிற ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு மாதக் குழந்தை. லூசி ஒவ்வொரு ஊசியாகச் சொல்லச் சொல்ல, வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டாள் லூசி. பயமா? இல்லை. யாராவது ஏதாவது சொன்னார்களா? இல்லை. வாட்ஸப்? அது பார்க்க எங்கே நேரம் என்றார். கடைசியில் லூசி, "சரி, உங்கள் விருப்பம். மனம் மாறினால் எப்போதும் வரலாம்" என்று சொல்லி, மறுத்தார் என்று கம்ப்யூட்டரில் பதிந்தாள். அந்தப் பெண் லூசியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதியாச்சோ?"

"எழுதியாச்சு தங்கச்சி."

"அவவுக்குக் கோபமில்லையோ?"

நான் கேட்டேன். லூசி இல்லையென்று தலையாட்டினாள். அந்தப் பெண் எழும்பவில்லை. குழந்தையின் சால்வையைச் சரிசெய்தபடி, யுத்தம் முடிந்து முகாமில் இருந்த காலத்தைச் சொன்னார். ஒருநாள் காலை எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ஊசி போட்டார்களாம். என்ன ஊசி என்று கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. கையை நீட்டு என்றார்கள், நீட்டினாராம். அதைப் பிரெஞ்சில் சொல்லும்போது இரண்டு தடவை வசனத்தைப் பாதியில் விட்டுத் திரும்பத் தொடங்கினேன். லூசி எழுந்து தண்ணீர் எடுத்து வந்தாள்; எனக்கா அவருக்கா என்று தெரியாமல் நடுவில் வைத்தாள். அந்தப் பெண் குழந்தையை மடியில் திருப்பி வைத்து, தொடையைத் தெரிய விட்டார்.

"வேண்டாமெண்டு சொன்னால் ஆரும் கேப்பினமோ எண்டு பாத்தனான். கேட்டிட்டியள். இனிப் போடுங்கோ."

எந்த மாகாணத்துச் சட்டம் எந்தப் பெற்றோருக்கு என்ன உரிமை கொடுத்தாலும் சரி, ஊசியைக் கண்டதும் கட்டடம் இடிய வீரிடுகிற உரிமையை எந்தப் பிள்ளையும் இதுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, அதற்கு மொழிபெயர்ப்பாளரும் தேவைப்பட்டதில்லை.