சகலை தந்த நீல மீன்

கோபம் வந்தாலும் வாயைத் திறக்க முடியாத உறவு எனக்கு ஒன்று உண்டு. என் சகலை, அதாவது மனைவியின் அக்காவைக் கட்டியவர். அவிநாசி சாலையில் பெரிய பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். பெருமாநல்லூரில் நான் நடத்தும் சின்னத் தையல் யூனிட்டுக்கு வேலை வருவதே அவரிடமிருந்துதான். ஆகவே அவர் எதைக் கொடுத்தாலும் பல்லைக் காட்டி வாங்கிக்கொள்வேன். வெளிநாட்டுக்காரன் கழித்துவிட்ட டீ-ஷர்ட், அவர் வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த சோபா என்று எது எதுவோ வந்திருக்கிறது. ஒருநாள் மீனும் வந்தது.

என் வீட்டில் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. எங்கள் ஊரில் கடலுக்கு எங்கே போவது? உப்பை வாங்கிக் கலக்கிக் கடலை நாங்களே செய்துகொள்கிறோம். வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து வளர்த்ததில், பாறைகளின் மேல் பவளங்கள் படர்ந்து ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு ஜோடி க்ளவுன் மீன்கள், ஆரஞ்சும் வெள்ளையுமாக. பெட்டை பெரியது, ஆண் சின்னது. ஷிப்மென்ட் நெருக்கடியில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துவிட்டு வீட்டுக்கு வருவேன். இரண்டும் கண்ணாடியருகே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். என் சூடு தணிந்துவிடும்.

சகலை பாலிதீன் பையை நீட்டினார். உள்ளே விரல் நீளம்கூட இல்லாத டாம்சல் மீன், மின்னும் நீலம்.

"உங்க தொட்டிக்கு ஒரு களை வேணுமில்லீங்க சகலை. வெச்சுக்கோங்க" என்றார்.

அந்தக் களை வந்த சில நாட்களிலேயே பெட்டை க்ளவுனின் செதில் பெயர ஆரம்பித்தது. என்ன நோயோ என்று மருந்து தேடிக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் அது மணலில் சரிந்து கிடந்தது. நீலப் பயல் அப்போதும் விடாமல் அதன் கண்ணைக் கொத்திக்கொண்டிருந்தான். சின்னது வால் கிழிந்து, தொட்டி மூலையில் பம்ப்புக்குப் பின்னால் ஒடுங்கிவிட்டது. சாப்பிட வெளியே வந்தால் அடி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றே அந்த நீலனைத் தொட்டியிலிருந்து தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த ஒன்றும் எனக்கில்லை.

தூக்குவது லேசா? வலையைக் கையில் எடுத்தாலே பாறைப் பொந்துக்குள் பாய்ந்துவிடுவான். பாறையைப் பிரித்தால் பிணைந்து வளர்ந்த பவளமெல்லாம் உடைந்து போகும். வலை தெரிந்தால்தானே ஓடுவான் என்று, யூனிட்டில் கிடந்த வெள்ளை மெஷ் துணியில் நானே ஒரு வலை தைத்தேன். விளையாட்டுச் சட்டைக்கு வந்த துணி. ஓவர்லாக் அடித்து, ஓரத்தில் எலாஸ்டிக்கெல்லாம் வைத்து, அப்படியொரு ஃபினிஷிங். தண்ணீரில் இறக்கிய கொஞ்ச நேரத்தில் அழுக்கெடுக்கும் ஸ்கிம்மர் பொங்கி, தரையெல்லாம் நுரை ஓடியது. பவளங்கள் சுருங்கிக்கொண்டன. துணி வழுவழுப்பாக இருக்க சாயப்பட்டறையில் சாஃப்ட்னர் போடுவார்கள்; அதுதான் தண்ணீரில் கரைந்திருக்கிறது. துணியிலேயே பிழைக்கிற எனக்கு அது உறைக்கவில்லை. பாதித் தண்ணீரை மாற்றி மீட்டெடுத்தேன். நீலன் ஒரு பொந்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை வறுத்துத் தின்றால்கூட ஆறாது என்று தோன்றியது.

நான் நுரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மனைவி தன் அக்காவுக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் குரல் தெளிவாகக் கேட்டது.

"அந்த நீல மீனு இன்னுமா உசுரோட இருக்குது? எங்க தொட்டியில அது பண்ணுன அட்டூழியத்துக்குத்தான் கண்ணு, இவரு பாறையெல்லாம் வெளிய அள்ளிப் போட்டு, அதைப் புடிச்சு உங்க ஊட்டுக்குக் கொண்டாந்து குடுத்தாரு. சொல்லலியா?"

சொல்லவில்லை. மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு போனை அணைத்தாள். "ஏனுங்க, எதாச்சும் பேசிப் போடாதீங்க. வேல நின்னு போகுமுங்க" என்றாள். அதுவரை எனக்கு இருந்த எதிரி ஒருவன்தான். அந்த நொடியில் இருவரானார்கள்.

நீலனின் திமிரை வைத்தே அவனைப் பிடிக்க முடிவு செய்தேன். தன்னைப் போல் இன்னொன்றைக் கண்டால் பொறுக்காத சாதி அது. ஒருபக்கம் திறந்த கண்ணாடிப் பெட்டியைத் தொட்டிக்குள் சாய்த்து வைத்து, அதன் பின்னால் தொட்டிக்கு வெளியே முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தினேன். வாசலை அடைக்க ஒரு மூடி, அதில் கட்டிய நூல் என் கையில். முதலில் தூரத்திலிருந்தே முறைத்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரம் தாண்டியும் நான் அசையவில்லை. கடைசியில் கண்ணாடியில் தெரிந்த நீலத்தைக் கடிக்க உள்ளே பாய்ந்தான். நூலை விட்டேன். மூடி விழுந்தது.

அவன் பெட்டிக்குள் முட்டி மோதியதை வேண்டுமென்றே வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தேன். அப்படியொரு சந்தோஷம். மாலையில் சின்ன க்ளவுன் வெளியே வந்து தீனி எடுத்தது. கழிவறையில் கொட்டிவிடுங்கள் என்றாள் மனைவி. நான் நீலனுக்குத் தனியாக ஒரு வாளி வைத்து, தீனி போட்டு வளர்த்தேன்.

சில வாரம் கழித்து சகலை புதிதாகக் கட்டிய ஆபீஸைத் திறந்தார். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வரும் பையர்கள் பார்த்து வாய்பிளக்கட்டும் என்று வரவேற்பறையில் சுவர் நீளத்துக்குத் தொட்டி வைத்து, விலை உயர்ந்த மீன்களாக விட்டிருந்தார். சொந்தபந்தம், மாமனார், வெள்ளைக்காரப் பையர் எல்லோரும் நிற்கும்போது நான் நீலன் நீந்தும் பையை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"நீங்க ஆசையாக் குடுத்தது, நல்லா வளந்துருக்குதுங்க சகலை. என்ற ஊட்டுத் தொட்டி இதுக்குப் பத்தலீங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "இதெல்லாம் எதுக்குங்க..." என்று இழுத்தார். பையர் குனிந்து பார்த்து "பியூட்டிஃபுல்" என்றார்.

"சின்ன மாப்பிள்ளை பிரியமாக் கொண்டாந்துருக்காரு, வாங்கித் தொட்டியில உடுங்க" என்றார் மாமனார்.

பையைச் சகலை தன் கையாலேயே பிரித்தார். போட்டோவுக்குச் சிரிக்கவும் செய்தார். நீலன் நேராகப் பாறைக்குள் போய் மறைந்தான்.

"இப்பிடிப் பண்ணிப் போட்டீங்களே சகலை" என்று என் காதருகே வந்து சொன்னார்.

"பாறையை ரொம்ப அழகா அடுக்கியிருக்கறீங்க" என்றேன்.

அடுத்த ஆர்டர் வராமல் போகலாம். போகட்டும். நான் பந்திக்குப் போய் உட்கார்ந்து, எல்லாவற்றையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.